இணை சேர்ந்த பெட்டை நாய் சினையா, இல்லையா? அறிகுறி வாரியாகத் தெளிவு பெறும் வழிமுறை

பெட்டை நாய் இணை சேர்ந்த பிறகு வரும் முதல் நான்கைந்து வாரங்களில், அதன் உடலை வெளியிலிருந்து பார்த்து மட்டும் சினை என்றோ சினையில்லை என்றோ உறுதியாகச் சொல்ல எவராலும் முடியாது. அனுபவம் உள்ளவர்களும் இதில் ஏமாறுவதற்குக் காரணம் நாயின் உடலியல்தான். பருவத்தில் கருமுட்டைகள் வெளிவந்த பின் சினைப்பையில் உருவாகும் மஞ்சள் உடல்கள், கரு தங்கினாலும் தங்காவிட்டாலும், ஏறத்தாழ இரண்டு மாதங்கள் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோனைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. மடி பருப்பது, காம்பு தடிப்பது, சுருண்டு படுப்பது, பசி கூடுவது எல்லாவற்றையும் இந்த ஹார்மோனே கொண்டுவந்துவிடக் கூடும் என்பதால், சினையான நாயும் சினைபிடிக்காத நாயும் பல வாரங்கள் ஒரே மாதிரி தெரியும். ஆகவே ஓர் அறிகுறியைக் கண்டதும் அது எத்தனையாவது நாளில் தோன்றியது, அந்த நாளில் எந்தப் பரிசோதனை பலன் தரும் என்று சேர்த்துப் பார்த்தால்தான் தெளிவு கிடைக்கும்.

முதலில் நாள் கணக்கு

எந்த அறிகுறியை ஆராய்வதற்கு முன்பும் நான்கு தேதிகளைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: இரத்தக் கசிவு தொடங்கிய நாள், முதல் முறை இணை சேர்ந்த நாள், கடைசி முறை இணை சேர்ந்த நாள், பெட்டை கடுவனை (ஆண் நாயை) நெருங்கவிடாமல் உறுமி விலக்கத் தொடங்கிய நாள். கால்நடை மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகள் இவைதான். பலரும் ஒன்றை மட்டும், அதுவும் உத்தேசமாகச் சொல்வதால்தான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது.

கருமுட்டை வெளிவந்த நாளிலிருந்து எண்ணினால் நாயின் சினைக்காலம் 63 நாள்; ஒரு நாள் முன்பின் ஆகலாம். இணை சேர்ந்த நாளிலிருந்து எண்ணினாலோ 58 முதல் 72 நாள் வரை எப்போது வேண்டுமானாலும் குட்டி ஈனலாம். நாயின் கருமுட்டை முதிராத நிலையில்தான் வெளிவருகிறது. அது முதிர்ந்து கருத்தரிக்கத் தகுதி பெற மேலும் இரண்டு மூன்று நாட்கள் ஆகும். கடுவனின் விந்தணுக்களோ பெட்டையின் உடலுக்குள் ஏறத்தாழ ஒரு வாரம் உயிரோடு காத்திருக்கும். ஆகவே இன்று இணை சேர்ந்தால் கருத்தரிப்பதும் இன்றே என்று கொள்ள முடியாது. பருவத்தின்போது புரோஜெஸ்டிரோன் அளவை இரத்தத்தில் பார்த்து இணை சேர்த்தவர்களுக்குக் கருமுட்டை வெளிவந்த நாள் ஏறக்குறையத் தெரிந்திருக்கும். தெரியாதவர்கள், பரிசோதனைக்கான நாளைக் கடைசி இணைசேர்க்கையிலிருந்தும், குட்டி ஈனும் நாளுக்கான எச்சரிக்கையை முதல் இணைசேர்க்கையிலிருந்தும் எண்ணுவது நல்லது. அப்படிச் செய்தால் பரிசோதனைக்கு அவசரப்பட்டுப் போகவும் மாட்டீர்கள், பிரசவத்தின்போது ஆயத்தமில்லாமல் நிற்கவும் மாட்டீர்கள்.

இணை சேர்ந்ததா என்பதே சந்தேகமாக இருந்தால்

கடுவனும் பெட்டையும் பின்புறம் ஒட்டியபடி எதிரெதிர்த் திசையில் நிற்பதைத்தான் நாய் வளர்ப்போர் 'லாக்' ஆவது என்கிறார்கள். அது சில நிமிடங்களிலும் முடியலாம், அரை மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கலாம். நீண்ட நேரம் நின்றதால் சினை உறுதி என்று கொள்வதும், லாக் ஆகவில்லை என்பதால் கரு தங்காது என்று கொள்வதும் தவறு. லாக் ஆகாமலே சினையான நாய்கள் உண்டு. சந்தேகம் எழுந்த அன்றே மருத்துவரிடம் போனால், பிறப்புவழியிலிருந்து பஞ்சுக்குச்சியால் எடுத்த மாதிரியை நுண்ணோக்கியில் பார்த்து விந்தணு இருக்கிறதா என்று சொல்ல முடியும். இருந்தால் இணை சேர்ந்தது உறுதி. இல்லாவிட்டால் அது எதையும் மறுக்கவில்லை.

ஒரு முறை இணை சேர்ந்துவிட்டது என்பதற்காகப் பெட்டையை அவிழ்த்துவிட்டுவிடாதீர்கள். பருவம் முடியும்வரை அது வேறு கடுவன்களையும் ஏற்கும். ஒரே ஈற்றில் இரண்டு தகப்பன்களின் குட்டிகள் பிறப்பதும் நாய்களில் நடப்பதுதான்.

குட்டி வேண்டாம் என்றால், பழைய வழக்கப்படி ஈஸ்ட்ரோஜன் ஊசி போடச் சொல்லிக் கேட்காதீர்கள். அது கருப்பையில் சீழ் பிடிக்கவும், எலும்பு மச்சை இரத்த அணுக்களை உற்பத்தி செய்வது குன்றவும் வழிசெய்யும். முதலில் சினையா என்று உறுதி செய்துகொண்டு, பிறகு கருத்தடை அறுவைச் சிகிச்சையா, புரோஜெஸ்டிரோனைத் தடுக்கும் அக்லெப்ரிஸ்டோன் போன்ற மருந்தா என்று மருத்துவருடன் பேசி முடிவெடுக்கலாம்; அந்த மருந்தை இணை சேர்ந்த 45ஆம் நாள் வரை பயன்படுத்துகிறார்கள் என்பதால் பதற்றத்துக்கு இடமில்லை.

மூன்று வாரம் ஆகியும் எந்த மாற்றமும் தெரியவில்லை

இது இயல்பு. கருக்கள் முதல் இரண்டரை வாரங்களுக்குக் கருப்பையின் கொம்பு போன்ற இரு கிளைகளுக்குள்ளும் ஒட்டாமல் மிதந்துகொண்டிருந்து, அதன் பிறகே சுவரில் பதிகின்றன. அதுவரை தாயின் உடலுக்கே செய்தி போய்ச் சேர்ந்திருக்காது. எந்தப் பரிசோதனையும் பலன் தராது. பெண்களுக்கான கருத்தரிப்புச் சோதனை அட்டையில் நாயின் சிறுநீரை விட்டுப் பார்ப்பதும் வீண் வேலை. அந்த அட்டை தேடும் ஹெச்.சி.ஜி. ஹார்மோனை நாய் சுரப்பதே இல்லை. ஆகவே வயிறு நிறையக் குட்டி இருந்தாலும் அட்டை 'இல்லை' என்றே காட்டும்.

இந்த வாரங்களில் செய்யத் தகாதவைதான் அதிகம். சினை இருக்கலாம் என்றே வைத்துக்கொண்டு, உயிருள்ள நுண்ணுயிர் கலந்த தடுப்பூசி, ஸ்டீராய்டு, வலிநிவாரணி, டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக் எதையும் மருத்துவருக்குச் சொல்லாமல் கொடுக்காதீர்கள். உணவைக் கூட்ட வேண்டியதில்லை. கால்சியம் மாத்திரை வேண்டவே வேண்டாம். சினைக்காலத்தில் வெளியிலிருந்து கால்சியத்தைத் திணித்தால், பாலூட்டும்போது எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துக்கொள்ளும் உடலின் இயல்பான திறன் மந்தமாகி, ஈன்ற பிறகு இரத்தத்தில் கால்சியம் சரிந்து வலிப்பு வரும் ஆபத்து கூடுகிறது.

நான்காவது வாரத்தில் பசி குறைகிறது, சில நாள் வாந்தி எடுக்கிறது

சினையான நாய்களில் சில இப்படிச் செய்யும். சில நாட்களில் தானே சரியாகிவிடும். ஆனால் இதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். இது சோதனைக்கு ஏற்ற காலம் வந்துவிட்டது என்பதற்கான நினைவூட்டல், அவ்வளவே.

பழகிய கையுள்ள மருத்துவர் 28ஆம் நாளை ஒட்டி வயிற்றை மெல்ல அமுக்கிப் பார்த்தே பல நாய்களில் சொல்லிவிடுவார். அப்போது கருப்பைக்குள் ஒவ்வொரு கருவும் தன் நீர்ப்பையோடு தனித்தனி உருண்டையாக, நூலில் இடைவெளி விட்டுக் கோத்த பெரிய கோலிக்குண்டுகளைப் போல விரலுக்குத் தட்டுப்படும். 35ஆம் நாளுக்குப் பிறகு உருண்டைகள் பெருத்து ஒன்றோடொன்று சேர்ந்துவிடுவதால் அந்த வாய்ப்புப் போய்விடும். பெருங்குடலில் தங்கியிருக்கும் மலமும் ஏறக்குறைய அப்படியே உருண்டையாகத் தட்டுப்படும் என்பதாலும், பயந்த நாய் வயிற்றை இறுக்கிக்கொள்ளும் என்பதாலும், தடிமனான நாயில் எதுவுமே கைக்கு எட்டாது என்பதாலும் இது எல்லா நாய்க்கும் கைகொடுக்கும் முறை அன்று. வீட்டில் ஆளாளுக்கு அமுக்கிப் பார்ப்பதைக் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள். கரு கலங்கிப்போகும் ஆபத்து உண்மையானது.

என்னைக் கேட்டால், ஒரே ஒரு பரிசோதனைக்குத்தான் செலவு செய்ய முடியும் என்றால் அதை 28ஆம் நாளுக்கும் 35ஆம் நாளுக்கும் இடையே செய்யும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுக்கே செய்ய வேண்டும். அடிவயிற்று முடியைச் சற்று மழித்து, ஜெல் தடவி, கருவியை வைத்ததும் கருப்பைக்குள் கறுத்த வட்டங்களாக நீர்ப்பைகள் தெரியும். அவற்றுள் ஒன்றில் கருவியைச் சற்று நிறுத்தினால் அரிசி அளவு கூட இல்லாத ஒரு புள்ளி படபடவென்று மினுங்குவது தெரியும். அதுதான் இதயத் துடிப்பு. 24, 25ஆம் நாள் வாக்கிலேயே காண முடியும், நிமிடத்துக்கு 200க்கு மேல் துடிக்கும். குட்டி இருக்கிறது என்பதோடு அது உயிரோடு இருக்கிறது என்பதையும் ஒருசேரச் சொல்லும் பரிசோதனை இது ஒன்றுதான். 25ஆம் நாளுக்கு முன் எடுத்த ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை என்றால் அதை விடையாகக் கொள்ளாமல் ஒரு வாரம் கழித்து மறுபடி எடுங்கள். நாள் கணக்கு பிசகியிருக்கலாம், ஒற்றைக் குட்டி குடலுக்குப் பின்னால் மறைந்திருக்கலாம். ஸ்கேனில் சொல்லும் எண்ணிக்கையை மட்டும் நம்பிவிட வேண்டாம். ஒரே பையை இரண்டு முறை எண்ணுவதும் ஒன்றை விட்டுவிடுவதும் சாதாரணம்.

காம்புகள் சிவந்து மடி பருத்திருக்கிறது

அதிகம் பேரை ஏமாற்றும் அறிகுறி இதுவே. முதல் சினையில் 25 முதல் 30ஆம் நாள் வாக்கில் காம்புகள் தடித்து இளஞ்சிவப்பாவது உண்மைதான். ஆனால் பருவம் வந்துபோன, கடுவனையே பார்க்காத நாயிலும் மடி பருக்கும். அதே நாட்களில் பிறப்புறுப்பிலிருந்து வாடையில்லாத, நிறமற்ற வழவழப்பான நீர் சிறிது கசிந்தால் தராசு சினைப் பக்கம் சற்றுச் சாயும். அப்போதும் உறுதி என்று சொல்லிவிட முடியாது.

இங்கே இரத்தப் பரிசோதனை கேட்டு வருபவர்கள் எந்த ஹார்மோனைப் பார்க்கிறோம் என்பதில் கவனமாக இருக்க வேண்டும். புரோஜெஸ்டிரோன் அதிகமாக இருக்கிறது என்ற அறிக்கை, கருமுட்டை வெளிவந்தது என்பதைத் தவிர வேறொன்றையும் மெய்ப்பிக்காது. நாயில் சினையைக் காட்டும் ஹார்மோன் ரிலாக்சின்; அது முக்கியமாக நஞ்சுக்கொடியிலிருந்து வருவதால் சினையில்லாத நாயின் இரத்தத்தில் உயராது. 30ஆம் நாளுக்குப் பிறகு செய்தால் நம்பகமான விடை தரும். ஒன்றிரண்டு குட்டிகள் மட்டும் இருக்கும்போது, முன்கூட்டியே செய்தால், 'இல்லை' என்று தவறாக வரக்கூடும் என்பதால் ஒரு வாரம் கழித்துத் திரும்பச் செய்வார்கள். கரு அழிந்துபோன பிறகும் சில நாட்கள் 'ஆம்' என்று காட்டக்கூடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

வயிறு பெருத்துக்கொண்டே போகிறது

கண்ணால் மதிப்பிடுவதைவிட வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், வெறும் வயிற்றில் எடை பார்ப்பது மேல். சினையான நாயின் எடை 35ஆம் நாள் வரை பெரிதாக மாறாது. அதன் பிறகு வாரத்துக்கு வாரம் தெளிவாக ஏறும். இரண்டாவது வாரத்திலேயே வயிறு பெருத்துவிட்டது என்றால் அது பெரும்பாலும் வீட்டார் அன்பு மிகுதியால் ஊட்டிய சாப்பாடுதான்.

ஸ்கேன் காலம் தவறிவிட்டவர்களுக்கு எக்ஸ்ரே இருக்கிறது. குட்டிகளின் எலும்பில் சுண்ணாம்புச் சத்து ஏறுவது 45ஆம் நாள் வாக்கில் படத்தில் தெரியத் தொடங்கும். எண்ணிக்கை வேண்டுமானால் 55ஆம் நாளுக்குப் பிறகு எடுத்து மண்டையோடுகளையும் முதுகெலும்பு வரிசைகளையும் எண்ணுவார்கள். பிரசவத்தன்று இன்னும் உள்ளே குட்டி இருக்கிறதா என்று தவிக்காமலிருக்க இந்த எண்ணிக்கை பெரிதும் உதவும். அந்த நிலையில் எடுக்கும் ஒரு எக்ஸ்ரே குட்டிகளைப் பாதிக்காது என்றே கால்நடை மருத்துவம் கருதுகிறது. ஸ்கேனிலும் எக்ஸ்ரேயிலும் குட்டி இல்லை, எடையும் வயிறும் மட்டும் ஏறுகின்றன என்றால் கொழுப்பா, வயிற்றில் நீரா, கருப்பையில் சீழா என்று தேட வேண்டும்.

மடியில் பால் வருகிறது, மூலையில் படுக்கை அமைக்கிறது, ஆனால் வயிறு இல்லை

இது பெரும்பாலும் பொய்ச்சினை. பருவம் முடிந்து ஆறு முதல் ஒன்பது வாரங்களில் புரோஜெஸ்டிரோன் இறங்க, பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் ஏறுகிறது. உடலும் மனமும் பிரசவம் ஆகிவிட்டதாகவே நடந்துகொள்கின்றன. செருப்பையோ பொம்மையையோ வாயில் கவ்விக் கொண்டுபோய் வயிற்றோடு அணைத்துப் படுத்துக்கொள்ளும். எடுக்கப் போனால் அதுவரை குழைந்து நின்ற நாய் பல்லைக் காட்டும். இது நோயன்று, கள்ளத்தனமும் அன்று. திட்டுவதில் பொருளில்லை.

பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களில் தானே அடங்கிவிடும். பாலைப் பீய்ச்சி எடுக்கவோ, மடியில் எண்ணெய் தடவி நீவவோ, வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவோ கூடாது. எல்லாமே சுரப்பைத் தூண்டும். நாய் தானே நக்கிச் சுரக்கவைத்துக்கொண்டிருந்தால் கழுத்தில் கூம்புப் பட்டை மாட்டலாம். பொம்மைகளை நாய் வெளியே போயிருக்கும் நேரத்தில் அப்புறப்படுத்தி, நடையையும் விளையாட்டையும் சற்று அதிகமாக்குங்கள். ஒரு பக்கக் காம்பு கெட்டியாகிச் சூடாகச் சிவந்தால், அல்லது காய்ச்சல் வந்தால், அது மடிவீக்கம். மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

முக்கியமான ஒன்று: பால் வற்றுவதற்குக் கொடுக்கும் கேபர்கோலின் என்னும் மருந்து புரோலாக்டினை அடக்கும். நாயின் சினைக்காலத்தின் பின்பாதியில் மஞ்சள் உடல்கள் நிலைத்திருக்கப் புரோலாக்டின் தேவை என்பதால், உண்மையில் சினையாக இருக்கும் நாய்க்கு அதைக் கொடுத்தால் கரு கலைந்துவிடும். இணை சேர்ந்த வரலாறு உள்ள நாய்க்கு, 'பொய்ச்சினைதான்' என்று எவர் சொன்னாலும், ஸ்கேனோ எக்ஸ்ரேயோ பார்க்காமல் அந்த மாத்திரையைத் தொடாதீர்கள்.

தண்ணீர் அதிகம் குடிக்கிறது, சோர்ந்து கிடக்கிறது, வாடை வீசும் கசிவு

இங்கே காத்திருக்க நேரமில்லை. பருவம் முடிந்த இரண்டு முதல் எட்டு வாரங்களுக்குள், சரியாகச் சினை என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும் அதே காலத்தில்தான், கருப்பையில் சீழ் பிடிக்கும் பயோமெட்ரா நோயும் வரும். குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பது, அடிக்கடி சிறுநீர் கழிப்பது, உணவை மறுப்பது, வாந்தி, மஞ்சளோ பழுப்போ கலந்த கெட்ட வாடைக் கசிவு ஆகியவை அதன் அடையாளங்கள். கருப்பை வாய் மூடியிருந்தால் கசிவே இருக்காது. உள்ளே தேங்கிய சீழால் வயிறு பெருத்து, சினை வயிறு என்றே தோன்றும். அந்த வகைதான் அதிக ஆபத்து, கருப்பை கிழிந்து நாய் இறந்துபோகலாம். அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். இரவு என்றால் இரவே. பெரும்பாலும் கருப்பையை அகற்றும் அறுவைச் சிகிச்சைதான் தீர்வு.

ஸ்கேனில் குட்டி இருந்தது, இப்போது இல்லை என்கிறார்கள்

முதல் ஐந்து வாரங்களுக்குள் கரு இறந்தால் அது வெளியே வராமல் கருப்பைக்குள்ளேயே உறிஞ்சப்பட்டுவிடும். சிறு கசிவு கூடத் தெரியாமல் போகலாம். சில கருக்கள் மட்டும் அப்படிப் போய் மற்றவை நலமாக வளர்வதும் உண்டு. அதன் பிறகு இறந்தால் கரு வெளியே விழும். பெட்டை அதைத் தின்றுவிடுவதால் நம் கண்ணில் படாது. 45ஆம் நாளுக்கு மேல் கரு விழுந்தால் புரூசெல்லா கேனிஸ் என்னும் கிருமிக்கான இரத்தப் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். அது இணை சேர்க்கை வழியாகக் கடுவனுக்கும், விழுந்த கரு, கசிவு வழியாக மனிதருக்கும் பரவும். கையுறை இல்லாமல் அவற்றைத் தொட வேண்டாம்.

நாள் கடந்தும் ஈனவில்லை

முதல் இணைசேர்க்கையிலிருந்து 57ஆம் நாள் தொடங்கிக் காலையும் மாலையும் மலத்துவாரத்தில் வெப்பமானி வைத்து அளவை எழுதிவாருங்கள். வழக்கமாக 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருப்பது 37.2க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் பிரசவம் தொடங்கும். இறக்கம் சில மணி நேரமே நீடிக்கும் என்பதால் ஒரு வேளை அளக்கத் தவறினால் அதைக் காணாமலே விட்டுவிடக்கூடும்.

கருமுட்டை வெளிவந்த நாள் தெரிந்திருந்தால் 65 நாளுக்கு மேலும், தெரியாவிட்டால் முதல் இணைசேர்க்கையிலிருந்து 70 நாளுக்கு மேலும் காத்திருக்க வேண்டாம். ஒற்றைக் குட்டியாக இருந்தால் பிரசவத்தைத் தொடங்கிவைக்கும் தூண்டுதல் போதாமல் நாள் தள்ளிப்போவது உண்டு. மருத்துவர் எக்ஸ்ரேயில் குட்டி இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் ஸ்கேனில் அதன் இதயத் துடிப்பை எண்ணுவார். 200க்கு மேல் இருந்தால் நல்லது. 180க்குக் கீழே இறங்கியிருந்தால் குட்டி திணறுகிறது, சிசேரியன் பற்றி உடனே முடிவெடுக்க வேண்டியிருக்கும். இந்த நிலையில்தான் புரோஜெஸ்டிரோன் பரிசோதனைக்கு மதிப்பு வருகிறது: இரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 2 நானோகிராமுக்குக் கீழே இறங்கியிருந்தால் உடல் பிரசவத்துக்குத் தயார்.

குட்டி எதுவும் வராத நிலையில் கரும்பச்சை நிறக் கசிவு தெரிந்தால் நஞ்சுக்கொடி பிரியத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதைக் கண்டாலோ, நாய் அரை மணி நேரம் விடாமல் முக்கியும் குட்டி வராவிட்டாலோ, வீட்டில் எதையும் முயலாமல், மருத்துவருக்குத் தொலைபேசியில் தகவல் சொல்லிவிட்டு நாயைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள்.